ஒரே வட்டு, இரண்டு படமா?

மதுரையில் சிம்மக்கல்லை ஒட்டித் தமிழ்ச் சங்கம் சாலை இருக்கிறது. 1901ஆம் ஆண்டில் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பெயரைத் தாங்கிய சாலை அது. பழைய ஏட்டுச் சுவடிகளைத் தேடிச் சேர்ப்பதும், அவற்றைப் படித்து அச்சில் கொண்டுவருவதும் சங்கத்தார் மேற்கொண்ட பணிகளுள் முக்கியமானவை.

மாணவர்களே, ஏட்டுச் சுவடியைப் படிப்பது பாடப் புத்தகத்தைப் படிப்பது போல் அன்று. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழிந்துவிடும் என்பதால், மெய்யெழுத்துகளுக்குப் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. ‘சிம்மக்கல்’ என்று எழுத வேண்டுமானால் ஓலையில் ‘சிமமககல’ என்றுதான் இருக்கும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வடிவத்தில் வேறுபாடு கிடையாது. ஆகவே ஓரிடத்தில் காணும் சொல் ‘எரி’யா, ‘ஏரி’யா? நெருப்பா, நீரா? ஓலை சொல்லாது. முன்னும் பின்னும் பார்த்துப் படிப்பவர்தாம் முடிவு செய்ய வேண்டும். ஒரே ஓலையைத் தேர்ந்த புலவரிடமும் அரைகுறையாகக் கற்றவரிடமும் கொடுத்தால் இரண்டு வேறு பாடல்கள் கிடைக்கலாம். ஓலையில் உள்ள கீறல்கள் மட்டும் மாறுவதே இல்லை.

வீட்டில் படம் பார்க்க உதவும் டிவிடி பிளேயரும் ப்ளூரே பிளேயரும் இந்தச் சுவடி படிப்பவரைப் போன்றவைதாம். எப்படி என்பதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

கடைக்காரர் ஒருவர், “விலை கூடிய பிளேயரை எடுங்கள் தம்பி, படம் கண்ணாடி மாதிரி இருக்கும்” என்பார். பொறியியல் படிக்கும் பக்கத்து வீட்டு அண்ணன், “எல்லாம் டிஜிட்டல்தானே! ஒன்றும் பூச்சியமும் எந்தப் பிளேயரில் போட்டாலும் ஒன்றும் பூச்சியமும்தான். மலிவானதே போதும்” என்பார். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி என்பதுதான் கேள்வி.

‘இப்போது படங்கள் இணையம் வழியாகவே வந்துவிடுகின்றன, வட்டு பழங்கதை அல்லவா?’ என்று நீங்கள் கேட்கலாம். வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். சித்தியின் திருமணம், உங்கள் காதுகுத்து, தாத்தாவின் அறுபதாம் கல்யாணம் என்று பெயர் எழுதிய வட்டுகள் உறையில் தூங்கிக்கொண்டிருக்கும். தாத்தாவின் குரலும் நடையும் அந்த வட்டில் மட்டுமே எஞ்சியிருக்கவும் கூடும். அதை எந்தக் கருவி எப்படிப் படிக்கிறது என்பது உங்களுக்கு முக்கியமான செய்தி அல்லவா?

எண்கள் மாறுவதில்லை

வட்டின் பரப்பில் நுண்ணிய பள்ளங்கள் சுருள்வடிவமான தடத்தில் வரிசையாக அமைந்திருக்கின்றன. அவற்றின் மேல் லேசர் ஒளி விழுந்து திரும்பும்போது ஏற்படும் ஏற்றத்தாழ்வுதான் ஒன்றும் பூச்சியமுமாக மாறுகிறது. விசிடிக்கு 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளியும், டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு ஒளியும், ப்ளூரேக்கு 405 நானோமீட்டர் நீல ஊதா ஒளியும் பயன்படுகின்றன. அலைநீளம் குறையக் குறைய ஒளிப்புள்ளியைச் சிறிதாக்கலாம். தடங்களை நெருக்கி வைக்கலாம். டிவிடியில் அடுத்தடுத்த தடங்களுக்கு இடையே உள்ள தூரம் 0.74 மைக்ரான். உங்கள் தலைமுடி ஒன்றின் பருமனுக்குள் இத்தகைய தடங்கள் சுமார் 100 அடங்கிவிடும்.

இவ்வளவு நுண்ணிய எழுத்தின் மேல் ஒரு தூசு விழுந்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. 1960ஆம் ஆண்டில் இர்விங் ரீட், குஸ்தாவ் சாலமன் என்ற இரு அமெரிக்கக் கணித அறிஞர்கள் ஒரு முறையை வெளியிட்டார்கள். எண்களோடு சில உபரி எண்களையும் கணக்கிட்டுச் சேர்த்து எழுதிவிட்டால், இடையில் சில எண்கள் அழிந்தாலும் எஞ்சியவற்றைக் கொண்டு அழிந்தவற்றைத் துல்லியமாக மீட்டுவிடலாம். ஊகமன்று, கணக்கு. இம்முறையின் துணையால் சாதாரண குறுவட்டின் தடத்தில் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் நீளம் தொடர்ச்சியாக அழிந்தாலும் ஒரு எண்கூடப் பிசகாமல் திரும்பக் கிடைத்துவிடும். தேநீர்க் கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கட்டத்தில் தேநீர்க் கறை படிந்த பின்னும் கைப்பேசி அதைப் படித்துவிடுகிறதே, அங்கேயும் வேலை செய்வது இதே ரீட்–சாலமன் முறைதான்.

ஆகவே, வட்டு நல்ல நிலையில் இருந்தால், மலிவான பிளேயரும் விலை உயர்ந்த பிளேயரும் அதிலிருந்து எடுப்பது ஒரே எண்கள். அண்ணன் சொன்னது இந்த இடம் வரை சரி. மிகவும் கீறல் விழுந்த வட்டில் மட்டும் ஒன்று படிப்பதை இன்னொன்று படிக்க முடியாமல் திணறலாம். அப்போது படம் கட்டம் கட்டமாக உடையும், அல்லது நின்றே போகும். நிறம் வெளுப்பதோ, விளிம்பு மங்குவதோ கீறலால் வருவதில்லை.

எழுதாமல் விட்டவை

அப்படியானால் வேறுபாடு எங்கே நுழைகிறது? வட்டில் எழுதப்படாத இடத்தில்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையைப் பின்பற்றும் டிவிடியில் ஒரு படத்துக்கு 576 வரிகள். ஒரு வரியில் 720 புள்ளிகள். பெருக்கினால் 4,14,720 புள்ளிகள். விநாடிக்கு 25 படங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் குறிக்க 24 பிட் வேண்டும். இரண்டரை மணி நேரத் திரைப்படத்துக்கு இது ஏறத்தாழ 280 ஜிகாபைட் ஆகிறது! ஓரடுக்கு டிவிடியின் கொள்ளளவோ 4.7 ஜிகாபைட், ஈரடுக்கு டிவிடியினுடையது 8.5. அறுபது மூட்டை நெல்லை ஒரு மூட்டையில் அடைப்பது போன்ற வேலை.

இதற்காகக் கண்டுபிடித்த உபாயங்கள் பல. முந்தைய படத்தில் இருந்தவை அடுத்த படத்திலும் அப்படியே இருந்தால் திரும்ப எழுதுவதில்லை. நகர்ந்திருந்தால் ‘இந்தக் கட்டம் இவ்வளவு தூரம் நகர்ந்தது’ என்று மட்டும் குறிப்பு. அசையாத சுவரின் முன் இருவர் பேசும் காட்சிக்கு இம்முறை மிக வசதி. சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்கும் காட்சிக்கு இது போதாது. ஆயிரக்கணக்கான தலைகள் அசைகின்றன. துருத்தியிலிருந்து பீய்ச்சும் நீர் விநாடிக்கு விநாடி புது வடிவம் கொள்கிறது. முந்தைய படத்திலிருந்து கடன் வாங்க எதுவுமே இல்லை. அத்தகைய இடங்களில் நீர்த்துளிகள் சதுரச் சதுரமாகத் தெரிவதை நீங்களே பார்த்திருக்கலாம்.

சுருக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 2007ஆம் ஆண்டு வாக்கில் மோசர் பேர் நிறுவனம் தமிழ்ப் படங்களை 28 ரூபாய்க்கு விசிடியாகவும் 34 ரூபாய்க்கு டிவிடியாகவும் விற்கத் தொடங்கியபோது வீடுகளில் வட்டுகள் குவிந்தன. ஒரே வட்டில் மூன்று படங்கள் என்று விற்றவையும் உண்டு. ஒரு படம் மட்டும் உள்ள ஈரடுக்கு வட்டில் விநாடிக்கு ஏறத்தாழ 75 இலட்சம் பிட் கிடைக்கும். அதே வட்டில் மூன்று படங்களை அடைத்தால் 25 இலட்சம்தான். இப்படிப்பட்ட வட்டை உலகின் மிகச் சிறந்த பிளேயரில் போட்டாலும் இழந்தது இழந்ததுதான். ஓலையில் இல்லாத அடியைப் புலவரால் படிக்க முடியுமா?

சரி, நிறத்துக்கு வருவோம். நம் கண் ஒளியின் ஏற்றத்தாழ்வை நுட்பமாக உணரும்; நிறத்தின் ஏற்றத்தாழ்வை அவ்வளவு நுட்பமாக உணராது. வாசலில் போடும் வண்ணக் கோலத்தைப் பாருங்கள். வெள்ளைக் கோட்டை அம்மா மிகக் கவனமாக இழுக்கிறார். வண்ணப் பொடியைத் தங்கையிடம் கொடுத்துத் தூவச் சொல்லிவிடுகிறார். பொடி சற்றே பரவினாலும் கோடு சரியாக இருந்தால் கோலம் அழகாகவே தெரிகிறது. டிவிடியிலும் இதே தந்திரம்தான். ஒளியளவு ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியே எழுதப்படுகிறது. நிறமோ நான்கு புள்ளிகளுக்கு ஒன்று என்ற கணக்கில்தான். மற்ற மூன்று புள்ளிகளின் நிறத்தைப் பிளேயர்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும். ஓலையில் இல்லாத புள்ளியைப் படிப்பவர் இடுவது போல!

சிவப்பில் அகப்பட்ட பிழை

நிரப்புவதில் பிழை வருமா? வந்தது. 2001ஆம் ஆண்டில் டான் முன்சில், ஸ்டேசி ஸ்பியர்ஸ் என்ற இரு அமெரிக்கர்கள் இதை விரிவாக ஆராய்ந்து எழுதினார்கள். பல டிவிடி பிளேயர்களில், அழுத்தமான சிவப்பு நிறப் பொருள்களின் விளிம்பு மட்டும் சீப்புப் பல் போலக் கோடு கோடாகத் தெரிந்தது. வட்டில் குறை இல்லை. கணிப்பொறியில் அதே வட்டு ஒழுங்காக வந்தது. விலை உயர்ந்த பிளேயர்கள் சிலவற்றிலும் இந்தக் கோளாறு இருந்தது என்பதுதான் வேடிக்கை.

காரணம் இது. நான்கு வரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். முழுப் படமாகச் சேமித்த காட்சியில் முதல் வரியும் இரண்டாம் வரியும் ஒரு நிறத்தைப் பகிர்ந்துகொள்ளும். மூன்றாவதும் நான்காவதும் இன்னொரு நிறத்தை. அரைப் படங்களாகச் சேமித்த காட்சியில் முதல் வரிக்கும் மூன்றாம் வரிக்கும் ஒரு நிறம். இரண்டாவதற்கும் நான்காவதற்கும் மற்றொன்று. காட்சி எந்த வகை என்பதைப் பார்த்து, அதற்கேற்ப நிறத்தைப் பங்கிட வேண்டும். பல சில்லுகள் எல்லாவற்றையும் இரண்டாம் வகையாகவே எண்ணிப் பங்கிட்டன. சோற்றை ஒரு வரிசைக்கும் குழம்பை அடுத்த வரிசைக்கும் ஊற்றியது போல் ஆகிவிட்டது. நெற்றிக் குங்குமம், சிவப்புப் பட்டுப் புடவையின் மடிப்பு, சிவப்பு எழுத்தில் வரும் படப் பெயர் ஆகியவற்றில் இது பளிச்சென்று தெரியும்.

கடைக்காரர் சொன்னதில் உள்ள உண்மைப் பாதி இதுதான். பிளேயருக்குப் பிளேயர் படம் மாறலாம். ஆனால் அது விலைப்படி மாறியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

தாளம் தப்பும் அரைப் படங்கள்

மேலே ‘அரைப் படம்’ என்றோம். அது என்ன? கண்ணாடிக் குழாய் கொண்ட பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் படம் நடுங்காமல் தெரிவதற்காக, முதலில் ஒற்றைப்படை வரிகளையும் அடுத்து இரட்டைப்படை வரிகளையும் வரைந்தார்கள். விநாடிக்கு 25 முழுப் படங்களுக்குப் பதில் 50 அரைப் படங்கள். ஒவ்வொன்றிலும் 288 வரிகள். டிவிடி அந்தக் காலத்துப் பெட்டிக்காக வகுக்கப்பட்டதால் இந்த வழக்கத்தையும் சுமந்து வந்தது. இன்றைய தட்டைத் திரை எல்லா வரிகளையும் ஒரே நேரத்தில் காட்டுவது. ஆகவே இரண்டு அரைகளை யாராவது சேர்த்துத் தர வேண்டும்.

திரைப்படமானால் தொல்லை குறைவு. இரண்டு அரைகளும் ஒரே பிலிம் சட்டத்திலிருந்து வந்தவை. பின்னிவிட்டால் முழுப் படம் கிடைத்துவிடும். திருமணத்திலும் திருவிழாவிலும் வீடியோ கேமராவால் எடுத்தவை அப்படியல்ல. இரண்டாம் அரை, முதல் அரைக்கு விநாடியில் 50இல் ஒரு பங்கு நேரம் கழித்து எடுக்கப்பட்டது. அழகர் மேல் பீய்ச்சும் நீர் விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் பாய்கிறது என்று கொண்டால், அந்த இடைவெளிக்குள் 10 செண்டிமீட்டர் நகர்ந்துவிடும். இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு பின்னினால் நீர்த்தாரையின் விளிம்பு சீப்பாகிவிடும். இதைத் தவிர்க்க மலிவான சில்லுகள் ஓர் அரையையே எறிந்துவிட்டு மற்றதன் வரிகளை இரட்டிப்பதும் உண்டு. சீப்பு மறைந்தது, கூடவே படத்தின் நுட்பத்தில் பாதியும் மறைந்தது. நல்ல சில்லு என்ன செய்யும்? மண்டபத் தூண்கள் அசையவில்லை, அங்கே பின்னலாம். நீர் அசைகிறது, அங்கே மட்டும் கணக்கிட்டு நிரப்பலாம் என்று இடத்துக்கு இடம் முடிவெடுக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அமெரிக்கா, ஜப்பான் முதலிய நாடுகளின் என்டிஎஸ்சி முறையில் விநாடிக்கு ஏறத்தாழ 60 அரைப் படங்கள். அயல்நாட்டுத் தமிழர்களையும் மனத்தில் கொண்டு தயாரித்த தமிழ்ப் பட வட்டுகளில் பல இம்முறையிலேயே வந்தன. திரைப்படமோ விநாடிக்கு 24 சட்டங்கள். 24ஐ எப்படி 60 ஆக்குவது? முதல் சட்டத்தை இரண்டு அரைகளாகவும், அடுத்ததை மூன்று அரைகளாகவும், பிறகு இரண்டு, மூன்று என்றும் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: தக, தகிட, தக, தகிட. கண்ட நடை! பிளேயர் இந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டால் அசலான 24 சட்டங்களையும் அப்படியே மீட்டுவிடலாம். தாளம் எங்கே தொடங்குகிறது என்று வட்டிலேயே குறிப்பு இருக்கும். அது சில வட்டுகளில் தவறாகவும் இருக்கும். குறிப்பை மட்டும் நம்பும் பிளேயர் அங்கே தடுமாறும். படத்தையே பார்த்துத் தாளத்தைக் கண்டுபிடிக்கும் பிளேயர் தடுமாறாது. சாய்ந்த கம்பி, படிக்கட்டு, ஓட்டுக்கூரை இவற்றின் மேல் கேமரா மெல்ல நகரும்போது விளிம்புகள் படபடத்தால், தாளம் தப்பியது என்று அறிக.

நம் நாட்டு முறை வட்டில் இந்தத் தாளமே இல்லை. 24 சட்டங்களை 25 என்று வேகமாக ஓட்டிவிடுகிறார்கள், அவ்வளவுதான். இரண்டரை மணிப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். சுருதியைத் திருத்தாமல் விட்டால், மதுரை ஈன்ற டி. எம். சௌந்தரராசனின் பாட்டுகூட, பன்னிரண்டு சுரத்தானங்களில் அடுத்ததை நோக்கி ஏறத்தாழ முக்கால் தூரம் ஏறிவிடும். காதில் நுட்பம் உள்ளவர்கள் இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஐந்தில் நான்கு

இன்று பல வீடுகளில் உள்ள முழு எச்டி திரையில் 1920 நெட்டு வரிசைகளும் 1080 கிடை வரிசைகளும் உள்ளன. மொத்தம் 20,73,600 புள்ளிகள். இதை 4,14,720ஆல் வகுத்துப் பாருங்கள். மீதி இல்லாமல் சரியாக 5 வரும். அதாவது, டிவிடியின் படம் திரையை நிறைக்கும்போது, நீங்கள் பார்க்கும் ஐந்து புள்ளிகளில் நான்கு வட்டில் இல்லாதவை! அக்கம் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கணக்கிட்டு நிரப்பியவை. 480 வரி கொண்ட என்டிஎஸ்சி வட்டானால் ஆறில் ஐந்து. 4கே திரையானால் நம் நாட்டு முறை வட்டுக்கு இருபதில் பத்தொன்பது.

இந்த நிரப்பும் வேலையைத்தான் ‘அப்ஸ்கேலிங்’ என்று பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடுகிறார்கள். அதனால் டிவிடி எச்டி ஆகிவிடும் என்று நம்பவேண்டாம். இல்லாத விவரம் எங்கிருந்தும் வருவதில்லை. இருப்பது அழகாகப் பெரிதாகிறது, அவ்வளவே. மேலும், பிளேயர் இதைச் செய்யாவிட்டால் தொலைக்காட்சிப் பெட்டி தானே செய்துகொள்ளும். இல்லையேல் படம் திரையின் நடுவே சிறு கட்டமாக அல்லவா நிற்கும்! ஆகவே உண்மையான கேள்வி, ‘எந்தப் பிளேயர் சிறந்தது?’ என்பதைவிட, ‘இந்த வேலையைப் பிளேயரிடம் விடுவதா, பெட்டியிடம் விடுவதா?’ என்பதுதான்.

2006இல் வெளிவந்த ப்ளூரே வட்டில் இந்தப் பேச்சுக்கே இடம் குறைவு. ஓரடுக்கிலேயே 25 ஜிகாபைட். படமே 1920க்கு 1080. திரைப்படங்கள் பெரும்பாலும் 24 முழுச் சட்டங்களாகவே எழுதப்பட்டவை. பின்ன வேண்டியதில்லை, பெரிதாக்க வேண்டியதில்லை, நிறத்தை மட்டும் நிரப்பினால் போதும். எனவே ஒழுங்காக வேலை செய்யும் இரண்டு ப்ளூரே பிளேயர்கள் ஒரே ப்ளூரே வட்டிலிருந்து தரும் படத்தில் வேறுபாடு காண்பது மிகக் கடினம்.

எச்டிஎம்ஐ கம்பியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2002 இறுதியில் வந்த இந்த இணைப்பின் வழியே செல்வதும் எண்களே. கம்பி பழுதானால் திரையில் மின்மினிப் பூச்சிகள் போலப் புள்ளிகள் தெறிக்கும், அல்லது திரை இருண்டுவிடும். தங்க முலாம் பூசிய கம்பியால் முகம் சிவப்பாகும், கறுப்பு ஆழமாகும் என்பதெல்லாம் விற்பனைப் பேச்சு.

ஒப்பிடும் முறை

இனி நீங்களே செய்து பாருங்கள். இரண்டு பிளேயர் வேண்டும் என்பதில்லை, ஒன்று போதும். அதன் அமைப்புப் பட்டியலில் வெளியீட்டை முதலில் 576 என்று வையுங்கள். இப்போது பெரிதாக்கும் வேலை தொலைக்காட்சிப் பெட்டியுடையது. பிறகு 1080 என்று மாற்றுங்கள், வேலை பிளேயருடையது. ‘இரண்டு பிளேயர்’ கிடைத்துவிட்டன அல்லவா? உண்மையிலேயே இரண்டு பிளேயர் இருந்தால், ஒரே பெட்டி, ஒரே துளை, ஒரே கம்பி, ஒரே வட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையில் ஒரு பிளேயரை ஒரு பெட்டியிலும் மற்றதை வேறு பெட்டியிலும் ஓட்டிக் காட்டுவது, இரண்டு தராசில் நிறுத்து எது கனம் என்று சொல்வதற்குச் சமம்.

அடுத்து, ஒளியளவு. மனிதக் கண்ணுக்கு ஒரு பலவீனம் உண்டு: சற்றே வெளிச்சமான படத்தை ‘நல்ல படம்’ என்று சொல்லிவிடும். வட்டில் கறுப்புக்கு 16 என்ற எண், வெள்ளைக்கு 235. சில பிளேயர்கள் இதை 0 முதல் 255 வரை நீட்டி அனுப்பும். பெட்டி அதை எதிர்பார்க்காவிட்டால் இருட்டுக் காட்சியில் தலைமுடியும் கறுப்புக் கோட்டும் ஒரே கரிக்கட்டியாகிவிடும். பெட்டி நீட்டிய எண்களை எதிர்பார்த்திருக்கப் பிளேயர் நீட்டாமல் அனுப்பினால் கறுப்பு சாம்பலாகும். இரண்டும் தரக்குறைவு அன்று, பேச்சு ஒத்துப்போகாமை. அமைப்பில் ஒன்றை மாற்றினால் சரியாகிவிடும். இதைச் சமன் செய்யாமல் ஒப்பிட்டால் பயன் இல்லை. பெட்டியில் ‘டைனமிக்’, ‘ஷார்ப்னஸ்’ போன்ற ஒப்பனைகளையும் குறைத்துவிடுங்கள்.

பார்ப்பதற்கு ஏற்ற காட்சிகளை முன்பே தேர்ந்தெடுங்கள். சிவப்பு எழுத்துள்ள தொடக்கம், கம்பி வேலியின் மேல் நகரும் கேமரா, படம் முடிந்தபின் மேலே ஏறும் பெயர்ப் பட்டியல், கூட்டமும் நீரும் நிறைந்த திருவிழா வீடியோ. முகத்தை நெருக்கத்தில் காட்டும் அசையாத காட்சியில் எல்லாப் பிளேயரும் நன்றாகவே தெரியும். அதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

இனிதான் முக்கியமான படி. பார்ப்பவருக்கு எந்த அமைப்பு ஓடுகிறது என்று தெரியக் கூடாது. உங்கள் தம்பி காசைச் சுண்டிப் போடட்டும். தலை விழுந்தால் 576, பூ விழுந்தால் 1080. அமைப்பை மாற்றும்போது நீங்கள் திரையைப் பார்க்காமல் திரும்பி நில்லுங்கள். பெட்டியின் மூலையில் எழுத்து தோன்றினால் அட்டையால் மறைக்கச் சொல்லுங்கள். இப்படிப் பத்து முறை பார்த்து, ஒவ்வொரு முறையும் எது என்று எழுதுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே ஐந்து சரியாக வரும். எட்டோ அதற்கு மேலோ ஊகத்தால் சரியாக வரும் வாய்ப்பு 1024இல் 56. அதாவது ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்தரை. ஒன்பதோ பத்தோ வருவதற்கு 1024இல் 11தான். எப்படி இந்த எண்கள் வந்தன என்று உங்கள் கணித ஆசிரியரைக் கேளுங்கள். பாஸ்கல் முக்கோணத்தின் பத்தாம் வரியைக் காட்டுவார். ஒன்பது சரியாக வந்தால் வேறுபாடு உங்கள் கண்ணுக்கு உண்மையிலேயே தெரிகிறது என்று துணிந்து சொல்லலாம். ஆறு வந்தால், அதிக விலை கொடுக்க அப்பாவைத் தூண்டாதீர்கள்.

பழைய பிளேயரையும் புதிய பெட்டியையும் வைத்துக்கொண்டு செய்பவர்களுக்கு ஒரு வியப்புக் காத்திருக்கலாம். பெட்டியின் சில்லு பிளேயரின் சில்லைவிடப் பிற்காலத்தது. ஆகவே ‘1080’ என்று அனுப்புவதைவிட 576 என்று உள்ளது உள்ளபடி அனுப்புவதே நல்ல படத்தைத் தரக் கூடும்.

அலமாரியில் உள்ள வட்டு

இப்போது தாத்தாவின் வட்டுக்கு வருவோம். கடையில் வாங்கும் பட வட்டில் பள்ளங்கள் அச்சில் அழுத்தப்பட்டவை. வீடியோக்காரர் எழுதித் தந்த வட்டில் பள்ளமே இல்லை. லேசரின் சூட்டால் நிறம் மாறிய ஒரு கரிமச் சாயப் படலம்தான் இருக்கிறது. வெயிலும் சூடும் சாயத்தை மெல்ல மெல்ல மாற்றிவிடும். சித்திரை வெயிலில் மதுரை வீட்டு மாடி அறை எப்படிக் கொதிக்கும் என்பது உங்களுக்குத் தெரியாதா? ஒரு நிலை வரை ரீட்–சாலமன் கணக்கு காப்பாற்றும். அந்த எல்லையைத் தாண்டிய நாளில், முந்தைய நாள் வரை நன்றாக ஓடிய வட்டு திடீரென்று ஓடாமல் போகும். முன்னறிவிப்பு இருக்காது.

பிரதி எடுப்பதில் இரண்டு வழிகள் உண்டு. பிளேயரை ஓட்டி, அதன் மஞ்சள் கம்பியிலிருந்து வரும் படத்தைக் கணிப்பொறியில் பதிவு செய்வது ஒன்று. அப்படிச் செய்தால் அந்தப் பிளேயர் நிறத்தை எப்படி நிரப்பியதோ அதுவும் படத்தோடு நிரந்தரமாகிவிடும். கம்பி வழியே வந்த மங்கலும் கூடச் சேர்ந்துவிடும். ‘எரி’ என்று ஒருவர் படித்ததை எழுதிவைத்துக்கொண்டு, ஓலையை வைகையில் விட்டது போன்றது இது. மற்றொரு வழி, வட்டைக் கணிப்பொறியின் டிவிடி இயக்கியில் போட்டு, ‘வீடியோ டிஎஸ்’ என்ற கோப்புறையை அப்படியே நகலெடுப்பது. இயக்கி இல்லாத மடிக்கணினிக்கு யுஎஸ்பி வழியே இணைக்கும் தனி இயக்கி கிடைக்கும். இந்த வழியில் எதையும் யாரும் நிரப்புவதில்லை, பின்னுவதில்லை, பெரிதாக்குவதில்லை. வட்டில் இருந்த எண்கள் மட்டும் வருகின்றன. நாளைக்கு இன்னும் திறமையான சில்லு வந்தால் அது புதிதாகப் படித்துக்கொள்ளும். இதை உங்கள் வீட்டு நிகழ்ச்சி வட்டுகளுக்காகச் சொல்கிறேன். கடையில் வாங்கிய படங்களுக்குப் பதிப்புரிமை உண்டு.

நகலெடுத்ததும் வட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதே வட்டிலிருந்து இன்னொரு முறையும் நகலெடுத்து, இரண்டு நகல்களையும் ஒப்பிடும்படி கணிப்பொறிக்குக் கட்டளையிடுங்கள். ஒரு பிட் மாறியிருந்தாலும் சொல்லிவிடும். ஒத்திருந்தால் ஒன்றை உங்கள் வீட்டிலும் மற்றொன்றைச் சித்தி வீட்டிலும் வையுங்கள்.